குளிருக்கும் காரத்துக்கும் செட் ஆகுமா? செண்பகனூர் வீட்டுத் தோட்டத்தில் மிளகாய் வளர்க்க முழு கைடு!

வத்தலக்குண்டில் பஸ் ஏறும்போது வியர்த்துக் கொட்டும். அதே பஸ் மலையேறி, வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டி, செண்பகனூரை நெருங்கும்போது ஜன்னலைச் சாத்தச் சொல்லி நாலு குரல் கேட்கும். கொடைக்கானல் நகரத்துக்குக் கொஞ்சம் கீழே, பழனி மலையின் தோளில் உட்கார்ந்திருக்கும் ஊர் செண்பகனூர். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, சௌசௌ, மலைப்பூண்டு எல்லாம் ஜோராக வரும் பூமி. ஆனால், "மிளகாய் வைக்கலாமா?" என்று கேட்டால் மட்டும், "அது வெயில் செடியாச்சே" என்று பதில் வரும்.

பாதி உண்மைதான். மிளகாய்க்கு வெப்பம் வேண்டும். ஆனால், சரியான ரகம், சரியான மாதம், சரியான சுவர் ஓரம் மூன்றும் அமைந்தால் பன்னிரண்டு இன்ச் தொட்டியிலேயே ஒரு குடும்பத்துக்குப் போதுமான காரத்தை எடுத்துவிடலாம். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாங்க.

மிளகுக்குப் போட்டியாக வந்த காய்!

மிளகாய் நம்ம ஊர்க்காரர் இல்லை. தென் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் பிறந்து, 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்களின் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. அதுவரை நம் சமையலில் காரம் என்றால் மிளகும் திப்பிலியும்தான். புதிதாக வந்த காயைச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள், மிளகு மாதிரி உறைக்கும் காய் என்பதால் 'மிளகாய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மிளகு + காய், அவ்வளவுதான்!

பழனி மலையில் இந்த இரண்டு காரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். கீழ்ப்பழனி மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டத்து நிழல் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அங்கிருந்து மேலே செண்பகனூருக்கு வந்துவிட்டால் மிளகுக்கொடிக்கே குளிர் அதிகம். தொட்டியில் வளரும் மிளகாயை நாம் வெயில் இருக்கும் பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். வீட்டுத் தோட்டக்காரருக்கு அதுதான் வசதி.

இந்த மலையின் செடிகளைப் பற்றிய பெரிய ஆய்வுகளும் செண்பகனூரில் நடந்தன. 1895-ல் இயேசு சபையினர் தொடங்கிய திருஇருதயக் கல்லூரியும், அதன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும், ஆர்க்கிட் சேகரிப்பும் ஊரின் அடையாளம். பழனி மலைத் தாவரங்கள் பற்றி விரிவான நூல்களை எழுதிய பாதிரியார் கே.எம்.மேத்யூ இங்கிருந்தும் வேலை செய்தார். அதனால், இந்த ஊரில் ஒரு செடியை நிதானமாகக் கவனித்து வளர்ப்பது ஒன்றும் புதுப்பழக்கம் இல்லை.

காரம் எங்கே ஒளிந்திருக்கு?

'விதையை எடுத்துட்டா காரம் போயிடும்' என்று சொல்வார்கள். உண்மையில் காரம் விதையில் உருவாவதில்லை. மிளகாயைக் கீறினால் உள்ளே விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய சதை ஒன்று தெரியும் இல்லையா? அங்குதான் கேப்சைசின் என்ற காரப்பொருள் உருவாகிறது. விதை அதை ஒட்டியே இருப்பதால் அதன் மேலும் கொஞ்சம் பூசிக்கொள்கிறது. காரம் குறைய வேண்டும் என்றால் அந்தச் சதையைச் சுரண்டி எடுங்க.

1912-ல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர் காரத்தை அளக்க ஒரு முறையைக் கொண்டுவந்தார். மிளகாய்ச் சாற்றை, காரம் தெரியாமல் போகும் வரை சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே போவது. எத்தனை மடங்கு கரைத்தோமோ அதுதான் ஸ்கோவில் எண். குடைமிளகாய்க்கு இது பூஜ்யம். ஜலபேனோவுக்கு 2,500 முதல் 8,000 வரை. ஹபனேரோவுக்கு 1 லட்சம் முதல் 3.5 லட்சம் வரை. 2007-ல் கின்னஸ் சாதனை படைத்த நம் வடகிழக்கின் பூத் ஜோலோகியா 10 லட்சத்தைத் தாண்டியது. 2023-ல் சாதனைப் பட்டியலில் ஏறிய 'பெப்பர் எக்ஸ்' சராசரியாக 26 லட்சத்து 93 ஆயிரம்!

நாக்கில் சுடுவது போல் இருப்பது வெறும் பிரமை இல்லை. சூட்டை உணர்வதற்காக நம் நரம்பில் இருக்கும் ஒரு வாயிலை கேப்சைசின் திறந்துவிடுகிறது. அதனால், வாயில் நெருப்பு வைத்த மாதிரி மூளைக்குச் செய்தி போகிறது. இந்த வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசு, ஆர்டெம் பட்டாபூடியனுடன் பகிர்ந்து கிடைத்தது. பறவைகளுக்கு மட்டும் இந்த வாயில் கேப்சைசினுக்குத் திறக்காது. அதனால்தான் கொண்டைக்குருவி உங்க காந்தாரிச் செடியில் உட்கார்ந்து பழத்தை மிட்டாய் மாதிரி விழுங்கும். பழுக்க ஆரம்பித்ததும் செடி மேல் வலை போடுவது நல்லது.

எந்த ரகம் வைக்கலாம்?

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். ஆன்லைனில் 'உலகின் காரமான மிளகாய் விதை' என்று பார்த்ததும் ஆர்டர் போட்டுவிடுவது. வீட்டில் தினமும் சாப்பிட, காரத்தைவிட மணமும் சுவையும் முக்கியம். ரகத்துக்கு ரகம் மணம் மாறும். செண்பகனூர் குளிரையும் கணக்கில் வைத்து ஒரு பட்டியல் இதோ.

காந்தாரி: விரல் நகம் அளவே இருக்கும், வானத்தைப் பார்த்துக் காய்க்கும் சின்ன மிளகாய். காரம் சுருக்கென்று ஏறி, சீக்கிரம் இறங்கும். பல வருடம் நிற்கும் செடி. உறைபனியில் மட்டும் படக் கூடாது. தொட்டிக்கு அருமை.

முண்டு மிளகாய்: ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டாக, தோல் தடித்து, வற்றலுக்கென்றே பிறந்த ரகம். வறண்ட பூமியின் பிள்ளை என்பதால் மலையில் நன்றாகக் காய்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கண்ணாடி ஜன்னல் ஓரமோ, பாலித்தீன் கூரையோ இருந்தால் மட்டும் முயற்சி செய்யுங்க.

பச்சை மிளகாய் ரகங்கள்: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கே 1, பி.கே.எம் 1 போன்றவை சமவெளிக்கு ஏற்றவை. பி.கே.எம் என்பது பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கும் பெரியகுளத்தைக் குறிக்கும். மலையில் இவற்றைக் கோடை மாதங்களில் மட்டும் வையுங்க.

ஜலபேனோ: சதைப்பற்று அதிகம், காரம் மிதம். குளிர்ந்த கோடையிலும் ஓரளவு காய்க்கும். முதல்முறை வளர்ப்பவர்களுக்கு நல்ல தொடக்கம்.

லெமன் டிராப்: பெரு நாட்டு ரகம். மஞ்சளாகப் பழுக்கும், எலுமிச்சை வாசனை வரும். மோரில், சாலட்டில் அரை மிளகாய் நறுக்கிப் போட்டாலே போதும்.

ரொகோட்டோ: செண்பகனூர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய மிளகாய் இது! ஆண்டிஸ் மலையின் உயரங்களில் வளரும் இனம். இலையில் மென்மையான ரோமம், ஊதாப் பூ, உள்ளே கறுப்பு விதை. காய் சின்ன ஆப்பிள் மாதிரி இருக்கும். சமவெளி வெயிலில் இது திணறும். குளிர்ந்த மலைதான் இதற்குச் சொந்த வீடு மாதிரி. இந்தோனேசியாவின் ஜாவா தீவு மலைகளிலும் இதைப் பயிரிடுகிறார்கள். இரண்டு செடிகளாக வைத்தால் காய்ப்பு நன்றாக இருக்கும். ஆனால், இதுவும் கடும் உறைபனியைத் தாங்காது.

மாதக் கணக்கு முக்கியம்!

சமவெளியில் ஜனவரி–பிப்ரவரி, ஜூன்–ஜூலை, செப்டம்பர் என்று மூன்று பட்டங்களில் மிளகாய் விதைக்கலாம். செண்பகனூரில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் பள்ளமான இடங்களில் உறைபனி விழும். ஆகவே உங்க கேலண்டர் இப்படி இருக்கட்டும்.

ஜனவரி கடைசி – பிப்ரவரி: வீட்டுக்குள் விதை ஊன்றுதல்.

மார்ச் கடைசி – ஏப்ரல்: தொட்டிக்கு மாற்றுதல்.

ஜூன் – ஜூலை: பூ, முதல் காய்.

ஜூலை – அக்டோபர்: அறுவடை.

நவம்பர் – ஜனவரி: செடியைக் கவாத்து செய்து, வீட்டுக்குள் ஓய்வு.

வைஃபை ரவுட்டர் மேலே ஒரு நர்சரி!

மிளகாய் விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிப்ரவரி மாத மலை வீட்டில் அது கிடைக்காது. குளிர்ந்த ஈர மண்ணில் போட்ட விதை வாரக்கணக்கில் தூங்கி, கடைசியில் அழுகியே போகும். 'விதை சரியில்லை' என்று நினைப்பதற்கு முன்பு இதைச் செய்து பாருங்க.

விதையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறவையுங்க. பிறகு ஈரமான டிஷ்யூ பேப்பரில் மடித்து, சின்ன டப்பாவில் மூடி, வீட்டில் எப்போதும் லேசாகச் சூடாக இருக்கும் இடத்தில் வையுங்க. வைஃபை ரவுட்டர் பக்கத்தில், ஃப்ரிட்ஜ் மேலே, அடுப்பு மேடைக்கு மேல் அலமாரி... எது வசதியோ அது. தண்ணீர் சொட்டாத அளவு ஈரம் போதும். மின்சாதனத்தின் காற்றோட்டத் துளையை மூட வேண்டாம். சாதாரண ரகங்கள் ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை வேர் காட்டும். ஹபனேரோ, ரொகோட்டோ போன்றவை மூன்று, நான்கு வாரம்கூட எடுக்கும். பொறுமை!

வேர் வந்ததும் கோகோபீட்டும் மண்புழு உரமும் சரிபாதி கலந்த சின்னக் கப்பில், அரை சென்டிமீட்டர் ஆழத்தில் நடுங்க. நாற்று திடீரென்று அடித்தண்டு அழுகிச் சாய்வதை நாற்றழுகல் என்பார்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால் இது வரும். விதை ஊன்றும் முன்பே கலவையில் ஒரு ஸ்பூன் சூடோமோனாஸ் கலந்துவிட்டால் பாதி பாதுகாப்பு. மீதி பாதுகாப்பு, தண்ணீரைக் குறைப்பதுதான்.

நாற்றைக் குளிரிலிருந்து காக்க பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிக் கவிழ்க்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. கொடைக்கானலில் அந்த பாட்டிலுக்கே தடை. பழைய ஊறுகாய் கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்தால் இன்னும் நன்றாகவே வேலை செய்யும். வெயில் வந்ததும் எடுத்துவிடுங்க. இல்லாவிட்டால் நாற்று வெந்துபோகும்.

தொட்டியும் மண்ணும் சுவரும்

நாற்றில் ஆறு இலை வந்ததும் பன்னிரண்டு இன்ச் தொட்டிக்கோ குரோ பேக்குக்கோ மாற்றலாம். மண் இரண்டு பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு. ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. பழனி மலையின் மேல்பகுதி மண் பொதுவாக அமிலத்தன்மை உடையது. அதனால் தொட்டிக்கு இரண்டு ஸ்பூன் டோலமைட் தூள் கலந்துகொள்ளுங்க. மிளகாய்க்கு அது பிடிக்கும். காயின் நுனி கறுத்து அழுகுவதும் குறையும்.

அடுத்தது இடம். வீட்டில் நல்ல வெயில் படும் சுவரைத் தேடுங்க. கல் சுவரோ செங்கல் சுவரோ பகலில் வாங்கிய வெயிலை இரவில் மெதுவாக விடும். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வைக்கும் தொட்டிக்கு அது இலவச ஹீட்டர். கறுப்பு நிற குரோ பேக் இன்னும் கொஞ்சம் சூட்டைப் பிடிக்கும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் குறைந்தபட்ச தேவை. மேலே ஒரு பாலித்தீன் ஷீட் கூரை போட்டு, பக்கங்களைத் திறந்துவைத்தால் மழையிலிருந்தும் பனியிலிருந்தும் செடி தப்பிக்கும், காற்றும் ஓடும்.

தண்ணீர் காலையில் மட்டும். மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க வேர் ஈரத்தில் நடுங்கும். விரலை இரண்டு இன்ச் மண்ணுக்குள் விட்டுப் பாருங்க. காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்க. மூடுபனி நாளில் தண்ணீரே தேவைப்படாது.

செடி ஓர் அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்க. பக்கக் கிளைகள் வரும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மி.லி. பஞ்சகவ்யா கலந்து தெளிக்கலாம். தழைச்சத்து அதிகமான உரம் வேண்டாம். அப்படிப் போட்டால் இலைதான் தளதளவென்று வரும், பூ வராது.

பூ கொட்டுதா, இலை சுருளுதா?

பூ கொட்டினால் பெரும்பாலும் இரவுக் குளிர்தான் காரணம். இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே போனால் பிஞ்சு பிடிப்பது கஷ்டம். மாலையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்க. மதிய வெயிலில் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய்ப்பிடிப்பு கூடும்.

இலை மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால், இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால், கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பூச்சி. கொழுந்தில் பச்சையாக, கும்பலாக ஒட்டியிருந்தால், அசுவினி. மூன்றுக்குமே முதல் மருந்து ஒன்றுதான்: ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல். மாலை வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் படும்படி, வாரம் ஒருமுறை தெளியுங்க. பழத்தில் வட்டமாகக் கறுப்புப் பள்ளம் விழுந்தால் பழ அழுகல் நோய். அந்தப் பழத்தை உடனே பறித்து அப்புறப்படுத்துங்க. உரக்குழியில் போட வேண்டாம்.

பறிச்சாச்சு... சாப்பிடுவோம்!

பச்சையாகப் பறித்தால் புல் வாசனை. பழுக்க விட்டால் இனிப்பும் பழ மணமும் சேரும். ஒரே செடியில் இரண்டு சுவை. பாதியைப் பச்சையாகப் பறித்து, மீதியைப் பழுக்க விடுங்க.

செண்பகனூரில் வற்றல் போடுவது சிரமம். காலையில் வெயில், மதியம் மூடுபனி என்று வானம் விளையாடும். மிளகாய் காய்வதற்குள் பூஞ்சை பிடிக்கும். அதனால், புதிதாகவே சாப்பிடும் வழிகள் இங்கே பொருத்தம்.

மலைப்பூண்டு மிளகாய்த் துவையல்: கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் பதினைந்து பல், பழுத்த சிவப்பு மிளகாய் எட்டு, சின்ன நெல்லிக்காய் அளவு புளி, உப்பு. நல்லெண்ணெயில் பூண்டையும் மிளகாயையும் வதக்கி, ஆறியதும் மற்றதைச் சேர்த்து அரையுங்க. தோசைக்கும் சூடான சோற்றுக்கும் வேறு எதுவும் வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்து நாலைந்து நாளுக்குள் முடித்துவிடுங்க. பூண்டு, எண்ணெய் சேர்ந்ததை வெளியே விட்டுவைப்பது பாதுகாப்பு இல்லை.

காந்தாரிச் சம்மந்தி: பத்து காந்தாரி, ஐந்து சின்ன வெங்காயம், கல் உப்பு. அம்மியில் நசுக்கி, பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு ஸ்பூன். வேகவைத்த மரவள்ளிக்கிழங்குடன் தொட்டுச் சாப்பிட்டால் குளிர் போன இடம் தெரியாது!

காரத்தோடு விளையாடாதீங்க!

காரமான ரகத்தை நறுக்கும்போது கையுறை போடுங்க. எரிந்தால் முதலில் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்க. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். வாய் எரிந்தால் தண்ணீர் உதவாது; பால், தயிர்தான் தீர்வு. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் மிளகாய் நறுக்கிய அன்று கூடுதல் கவனமாக இருங்க.

இன்னொரு விஷயம். ரீல்ஸுக்காக உலகின் காரமான மிளகாயைக் கடிக்கும் சேலஞ்ச்களை நீங்க பார்த்திருப்பீங்க. 2023-ல் அமெரிக்காவில் 14 வயதுச் சிறுவன், மிகக் காரமான ஒற்றை சிப்ஸைச் சாப்பிடும் சேலஞ்சுக்குப் பிறகு உயிரிழந்தான். அதிக அளவு கேப்சைசின் உடலுக்குள் போன நிலையில் இதயமும் மூச்சும் நின்றுபோனதாகப் பிரேதப் பரிசோதனை சொன்னது. அவனுக்கு ஏற்கெனவே இதயத்தில் பிரச்னை இருந்ததும் அதில்தான் தெரிந்தது. சேலஞ்சில் இறங்கும் பலருக்குத் தங்கள் இதயத்தின் நிலை தெரிந்திருக்காது. உங்க தோட்டத்து மிளகாயை நண்பருக்குக் கொடுக்கும்போது அது எவ்வளவு காரம் என்று சொல்லிக் கொடுங்க. சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் காரத் தொட்டியை வையுங்க.

விதை எடுப்போம், செடியைக் காப்போம்

ஹைபிரிட் ரகத்தின் விதையை மறுபடி போட்டால் தாய்ச் செடி மாதிரியே வரும் என்று சொல்ல முடியாது. நாட்டு ரகத்தில் வரும். ஆனால் பக்கத்தில் வேறு மிளகாய் இருந்தால் தேனீ கலந்துவிடும். பூ விரியும் முன்பே ஒரு சின்ன வலைப்பையை அந்தக் கிளையில் கட்டுங்க. காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்க. நன்றாகப் பழுத்த பிறகு விதை எடுத்து, நிழலில் உலர்த்தி, காகித உறையில் ரகமும் வருடமும் எழுதிவைத்தால் இரண்டு, மூன்று வருடம் முளைப்புத்திறன் இருக்கும். ரொகோட்டோ மட்டும் விதிவிலக்கு. அது மற்ற மிளகாய் இனங்களோடு கலக்காது.

நவம்பரில் செடியைப் பிடுங்கிப் போட்டுவிடாதீங்க. மிளகாய் ஓராண்டுச் செடி இல்லை. கடைசிக் காயைப் பறித்ததும் கிளைகளை முக்கால்வாசி வெட்டி, இலை குறைத்து, தொட்டியை வெளிச்சமுள்ள ஜன்னல் ஓரம் கொண்டுபோங்க. பத்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் போதும். பார்க்கப் பட்டுப்போன குச்சி மாதிரி இருக்கும். நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்க; உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கு. மார்ச்சில் துளிர்க்கும். புது நாற்றைவிட ஒன்றிரண்டு மாதம் முன்பாகவே காய்க்கவும் தொடங்கும்.

முதல் வருடம் ஆசைப்பட்டுப் பத்து ரகம் வேண்டாம். ஒரு காந்தாரி, ஒரு ஜலபேனோ, விதை கிடைத்தால் இரண்டு ரொகோட்டோ. நாலு தொட்டி, வெயில் படும் ஒரு சுவர். குளிர் ஊரில் காரம் தொடங்க அது போதும்.